போட்டி மறந்தாலும் விளம்பரம் மறக்காதது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் ஊடகக் கல்வி பயிலும் மாணவர்களும், மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு அனுசரணை வழங்கிவிட்டுப் பிறகு கணக்குப் பார்த்துக் கவலைப்படும் கடைக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. கொழும்பில் சில வருடங்கள் சிங்கள விளம்பரங்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவத்தின் பலனாக இன்னமும் யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதிவைத்துவிடுவது மேல் என்று தோன்றியது.

யார் வென்றார்கள் என்பதே மறந்துபோகிறது. இடையில் வந்த விளம்பரம் மட்டும் எப்படி நினைவில் நிற்கிறது?

பெரும்பாலானவை நிற்பதேயில்லை. ஐம்பது ஓவர் போட்டியில் இரண்டு அணிகளுக்குமாக நூறு ஓவர்கள். ஓவர் முடிந்தால் விளம்பரம், விக்கெட் விழுந்தால் விளம்பரம், வீரர்கள் தண்ணீர் குடிக்கப் போனால் விளம்பரம். மறுநாள் காலையில் காந்திப் பூங்காவில் நடந்துகொண்டிருக்கும் ஒருவரை நிறுத்தி, நேற்றுப் பார்த்த விளம்பரங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால் இரண்டைச் சொல்வதே பெரிய காரியம்.

அந்த இரண்டு மட்டும் ஏன் என்பதற்கு உளவியலாளர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். ஒரு காட்சி உடலில் எழுப்பிய படபடப்பு அந்தக் காட்சி முடிந்தவுடன் அடங்கிவிடுவதில்லை, அடுத்துக் கண்ணில் படுவதோடு ஒட்டிக்கொள்கிறது என்று டொல்ஃப் சில்மன் என்பவர் 1970களில் விளக்கினார். கடைசி ஓவரில் நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேளையில் வரும் பால்மா விளம்பரமும் கொஞ்சம் வீரமாகத் தெரிவது இதனால்தான். ஆனால் படபடப்பு அளவு கடந்தால் மனிதன் திரையையே பார்ப்பதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு 'அது எல்பிடபிள்யூதான்' என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பான். எனவே இந்த விளக்கம் பாதி வழிதான் வருகிறது.

மீதி வழிக்கு எனக்குக் கூத்துக் களரிதான் உதவுகிறது. எங்கள் பகுதிக் கூத்தில் பாட்டு எடுக்கப்பட்டவுடன், பிற்பாட்டுக்காரர்கள் அந்த அடியைத் திரும்பப் பாடுவார்கள். நாலாவது இரவுக்குள் களரியைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து பாடத் தொடங்கிவிடுவார்கள். நிற்கிற விளம்பரம் என்று நான் அறிந்தவை எல்லாம் இப்படிப் பிற்பாட்டுக்கு இடம் விட்டவை. பார்ப்பவன் திருப்பிச் சொல்ல ஒரு வசனம், நடித்துக் காட்ட ஒரு அசைவு, வாயால் போட்டுக்காட்ட ஒரு தாளம். எல்லாவற்றையும் தானே பேசி முடித்துவிடுகிற விளம்பரத்தில் நமக்குச் செய்ய ஒன்றும் இருப்பதில்லை.

கிரிக்கெட்டுக்கு நடுவே வருவதற்கும் உதைபந்தாட்டத்துக்கு நடுவே வருவதற்கும் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. உதைபந்தாட்டத்தில் 45 நிமிடங்களுக்குப் பந்து நிற்காது. பிறகு 15 நிமிட இடைவேளை. ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும்தான் விளம்பரதாரருக்கு இடம். அதனால் அங்கே விளம்பரங்கள் சின்னத் திரைப்படங்களாகவே வளர்ந்துவிட்டன. 1998 உலகக் கிண்ணத்தை ஒட்டி நைக்கி எடுத்த விளம்பரத்தில் பிரேசில் வீரர்கள் விமான நிலையத்துக்குள்ளேயே பந்தை உருட்டி விளையாடுவார்கள். இயக்கியவர் ஜோன் வூ. 2010இல் அதே நிறுவனம் மூன்று நிமிட விளம்பரம் ஒன்றை அலெஹாந்த்ரோ இன்யாரிட்டுவைக் கொண்டு எடுத்தது.

கிரிக்கெட்டில் அந்தச் சொகுசு இல்லை. களத்தடுப்பாளர்கள் முனை மாறி நிற்பதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும். ஐபிஎல்லில் இரண்டரை நிமிட 'வியூக இடைவேளை' என்று ஒன்று இருக்கிறது. வியூகம் அணிக்கா ஒளிபரப்பாளருக்கா என்று கேட்டால் எவரும் நேராகப் பதில் சொல்லமாட்டார்கள். பொதுவாகப் பத்து அல்லது இருபது விநாடிகள். அதையும் ஒரே நாளில் பல தடவை பார்க்கப்போகிறோம். முதல் தடவையில் பாதி புரிந்து, மூன்றாம் தடவையில் முழுதும் புரிந்து, ஆறாம் தடவையில் எரிச்சல் வராமல் இருக்க வேண்டும். எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் வலி தெரியும்.

ஓவரின் கடைசிப் பந்தை விழுங்கிக்கொண்டு வருகிற விளம்பரமும் மறக்காது. வேறு காரணத்துக்காக.

நல்ல விளம்பரத்தை எப்படிச் சோதிப்பது?

எனக்கு இரண்டு சோதனைகள் இருக்கின்றன. இரண்டும் வீட்டில் கற்றவை.

1996 மார்ச் 17. லாகூரில் இறுதிப் போட்டி. அவுஸ்திரேலியா 241, நாங்கள் ஏழு விக்கெட்டுகளால் வென்றோம், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் இல்லை. பெரியப்பாவின் கறுப்பு வெள்ளைப் பெட்டி பன்னிரண்டு வோல்ட் பற்றறியில் ஓடியது. முற்றம் நிறையச் சனம். விளம்பரம் வந்தவுடன் பெரியப்பா எழுந்து ஒலியை முழுவதும் குறைத்துவிடுவார். ஒலியைக் குறைத்தால் பற்றறி மிஞ்சும் என்பது அவருடைய நம்பிக்கை. யாரும் மறுத்துப் பேசவில்லை, பெட்டி அவருடையது. அன்றிரவு விளம்பரம் எல்லாம் ஊமைப் படம். சிலது அப்படியும் விளங்கியது, சிலதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே எதையோ பேசிவிட்டுப் போனாள். எதை விற்றாள் என்று இன்றுவரை தெரியாது. இது முதல் சோதனை: ஒலி இல்லாமல் விளங்குகிறதா?

இரண்டாவது சோதனை அம்மாவுடையது. அவர் கிரிக்கெட் பார்ப்பதில்லை. மின்சாரம் வந்த பிறகு முன் அறையில் நாங்கள் இருப்போம், அவர் அடுப்படியில் பிட்டு அவித்துக்கொண்டிருப்பார். ஆனால் எந்தெந்தச் சவர்க்காரத்துக்கு எந்தெந்தப் பாட்டு என்று எங்களைவிட அவருக்குத்தான் தெரியும். படம் இல்லாமல், சுவருக்கு அப்பால் விளங்குகிறதா? விளம்பரப் பாட்டு என்பது உண்மையில் அடுப்படிக்காக எழுதப்படுவது.

இரண்டையும் தாண்டுகிற விளம்பரம் அபூர்வம். ஒன்றைத் தாண்டினாலே பிழைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் சூப்பர் போல் விளம்பரங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

சூப்பர் போல் என்பது அமெரிக்கன் ஃபுட்போல் ஆட்டத்தின் வருடாந்த இறுதிப் போட்டி. விளம்பரத்தைப் பார்ப்பதற்காகவே சனம் உட்காரும் போட்டி அது ஒன்றுதான். 1967இல் முதல் போட்டியில் அரை நிமிடத்துக்கு 40,000 டொலர் அளவில் வாங்கினார்கள். 2024இல் அது ஏறத்தாழ 70 இலட்சம் டொலர். யூஎஸ்ஏ டுடே பத்திரிகை 1989 முதல் அந்த விளம்பரங்களுக்குப் பார்வையாளர்களைக் கொண்டு புள்ளி போட்டு வருகிறது. அதாவது போட்டிக்குள்ளே இன்னொரு போட்டி.

மாணவர்கள் எப்போதும் அப்பிள் நிறுவனத்தின் 1984 விளம்பரத்தைத்தான் கேட்பார்கள். ரிட்லி ஸ்கொட் இயக்கியது. சாம்பல் நிற மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து பெரிய திரையொன்றில் ஒரு முகம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் ஓடிவந்து சம்மட்டியை வீசித் திரையை உடைப்பாள். அப்பிளின் பணிப்பாளர் சபைக்கு அது பிடிக்கவில்லை. கணினியை ஒரு தடவைகூடக் காட்டாத விளம்பரம், பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. நாடு முழுவதற்குமாக ஒரே ஒரு தடவை ஒளிபரப்பானது. மறுநாள் செய்தி நிகழ்ச்சிகள் அதைச் செய்தியாகப் போட்டன.

எனக்கு அதைவிடப் பிடித்தது கொக்கா கோலாவின் விளம்பரம். 1979இல் எடுக்கப்பட்டு, 1980 சூப்பர் போலில் பெரும் பெயர் பெற்றது. ஜோ கிரீன் என்ற மலை போன்ற வீரர் காயத்தோடு நொண்டி நொண்டிப் போகிறார். ஒரு சிறுவன் தன் போத்தலை நீட்டுகிறான். அவர் முதலில் வேண்டாம் என்கிறார், பிறகு ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறார். சிறுவன் ஏமாற்றத்தோடு திரும்பும்போது தன் ஆட்டச் சட்டையை அவனை நோக்கி எறிகிறார். அவ்வளவுதான். பெரியப்பாவின் ஊமைப் பெட்டியிலும் விளங்கியிருக்கும்.

2022இல் கொயின்பேஸ் என்ற நிறுவனம் ஒரு நிமிடம் முழுவதும் கறுப்புத் திரையில் ஒரு கியூஆர் குறியீட்டை மட்டும் அங்குமிங்கும் மிதக்கவிட்டது. பார்த்தவர்கள் கையடக்கத் தொலைபேசியை நீட்டிய வேகத்தில் அந்த நிறுவனத்தின் தளமே சிறிது நேரம் படுத்துவிட்டது. இந்தத் தந்திரத்தை இரண்டாம் முறை செய்ய முடியாது.

எங்கள் பக்கத்தில் அதிகம் நினைவில் இருக்கும் கிரிக்கெட் விளம்பரம் எது?

யாரிடம் கேட்டாலும் முட்டைத் தலையும் வெள்ளை உடம்புமாக வரும் அந்தச் சின்ன உருவங்களைத்தான் சொல்கிறார்கள்: சூசூ. 2009 ஐபிஎல்லின்போது இந்தியாவில் வொடஃபோன் வெளியிட்டது. இந்தியத் தேர்தலால் அந்தத் தொடர் தென்னாபிரிக்காவுக்குப் போயிருந்தது. சூசூவும் அதே நாட்டில், கேப்டவுனில்தான் படமாக்கப்பட்டது. ஒகில்வி நிறுவனத்தின் யோசனை, இயக்கம் பிரகாஷ் வர்மா. பலர் இன்றும் அதைக் கணினிப் படம் என்றே நம்புகிறார்கள். உள்ளே இருந்தவர்கள் மனிதர்கள்; துணியால் தைத்த உடைக்குள் மெலிந்த உடல்வாகு கொண்ட நடிகர்களை நுழைத்து ஆட விட்டார்கள்.

சுமார் முப்பது விளம்பரங்கள். கிட்டத்தட்ட நாளுக்கு ஒன்று புதிதாக வந்தது. இன்றைக்கு என்ன செய்யப்போகிறது என்று பிள்ளைகள் ஓவர் முடியக் காத்திருந்தார்கள். எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதே தலைகீழாகிவிட்டது.

இங்கே அது இவ்வளவு பிடித்துப்போனதற்கு நான் நினைக்கும் காரணம், சூசூவுக்கு மொழி இல்லை. சிணுங்கும், உளறும், சிரிக்கும். ஹிந்தி தெரியாத காத்தான்குடித் தேத்தண்ணீர்க் கடையில் ஹிந்தி தெரிந்த டெல்லிக்காரனுக்குக் கிடைத்த அதே சிரிப்பு முழுதாகக் கிடைத்தது. வொடஃபோன் இணைப்பு இலங்கையில் விற்கப்படவே இல்லை என்பது இதில் பெரிய பகிடி. வாங்கவே முடியாத ஒரு பொருளின் விளம்பரத்தை ஒரு மாகாணமே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஏப்ரல், மே மாதங்கள் இந்த நாட்டில் எப்படிப்பட்டவை என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் வானொலியோடு ஒரு அறையில், பிள்ளைகள் சூசூவோடு இன்னொரு அறையில். இடையில் இருந்த கதவை யாரோ சாத்தியே வைத்திருந்தார்கள். அந்த உருவத்தை இப்போது பார்த்தாலும் எனக்கு முதலில் அந்தக் கதவுதான் ஞாபகம் வருகிறது. விளம்பரம் எதோடு ஒட்டிக்கொள்ளும் என்பது எடுத்தவர் கையில் இல்லை.

இலங்கைத் தமிழ் விளம்பரங்கள் ஏன் இப்படி நிற்பதில்லை?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை தமிழில் எழுதப்படவில்லை. சிங்களத்தில் எழுதி, படம் எடுத்து, இசை சேர்த்து, எல்லாம் முடிந்து நாளை ஒளிபரப்பு என்ற நிலையில் தமிழுக்கு ஆள் தேடுவார்கள். என் கைக்கு வரும்போது நடிகரின் வாய் ஏற்கெனவே அசைந்து முடிந்திருக்கும். அந்த அசைவுக்குள் தமிழைத் திணிக்க வேண்டும். சிங்களத்தில் மூன்று அசையில் முடிவது தமிழில் ஆறு அசை கேட்கும். வேகமாகச் சொன்னால் ஏலம் போடுகிறவன் மாதிரி இருக்கும், சுருக்கினால் தந்தி மாதிரி இருக்கும்.

ஒரு உலகக் கிண்ணத்துக்கு முந்திய வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தேசிய அணியைப் பற்றிய விளம்பரம். சிங்கள வசனம் 'அபே' என்று தொடங்குகிறது. அபே என்றால் எங்கள் என்றும் கொள்ளலாம், நம் என்றும் கொள்ளலாம். சிங்களத்தில் அந்த வேறுபாடு கிடையாது. தமிழில் உண்டு. 'எங்கள் அணி' என்றால் கேட்கிறவன் வெளியே நிற்கிறான். 'நம் அணி' என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். இந்த நாட்டில், தமிழ் கேட்கும் வீட்டு முற்றத்தில், தேசிய அணியைப் பற்றிச் சொல்லும்போது இது இலக்கண விவகாரம் மட்டும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்பில் வீட்டுப் பேச்சில் நாங்கள் 'நம்மட' என்போம். யாழ்ப்பாணத்தில் 'எங்கட' என்பார்கள். நான் 'நம்மட' என்று எழுதிக் கொடுத்தேன். வாயசைவுக்கும் அதுதான் பொருந்தியது: அபே என்று சொல்லும்போது உதடுகள் மூடித் திறக்கும், நம்மட என்று சொல்லும்போதும் அப்படியே. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவர் கேட்டுவிட்டு, "இது கிழக்குப் பேச்சு, மற்ற இடங்களில் சிரிப்பார்கள்" என்றார். 'நமது' என்று மாற்றினேன், உதடுகளும் பொருந்தின. பாடநூல் மாதிரி இருக்கிறதாம். கடைசியில் 'எங்கள்' என்று போனது. உதடு மூடித் திறந்தது, சத்தம் வேறாக வந்தது. போட்டி முழுவதும் அது ஓடியது. எனக்குத் தெரிந்து ஒரு பிள்ளைகூட அதைத் திருப்பிச் சொல்லவில்லை. அதே விளம்பரத்தின் சிங்களப் பாட்டைச் சிங்களம் தெரியாத பிள்ளைகள் கல்லடிக் கடற்கரையில் பாடிக்கொண்டு ஓடியதை நானே கேட்டேன்.

பணம் இல்லாததால் இப்படி நடக்கிறது என்று சொல்வார்கள். ஓரளவு உண்மை. ஆனால் மேலே சொன்ன ஜோ கிரீன் விளம்பரத்தைப் பிற நாடுகளுக்குக் கொண்டுபோனபோது குரல் மட்டும் மாற்றவில்லை. பிரேசிலில் சீக்கோவை வைத்து, ஆர்ஜென்டினாவில் மரடோனாவை வைத்து, தாய்லாந்தில் அந்நாட்டு உதைபந்தாட்ட வீரர் ஒருவரை வைத்து மறுபடி எடுத்தார்கள். அந்த அளவு செலவு இங்கே எதிர்பார்க்கவில்லை. படம் எடுக்கும் முன்பே தமிழ் எழுதுகிறவரையும் மேசைக்குக் கூப்பிட்டால் போதும். அதற்கு ஒரு தேத்தண்ணீர்க் காசுதான் கூடுதலாகும்.

தமிழ்ப் பாட்டுக்கு என்று தனிப் பலம் ஏதும் இருக்கிறதா?

எதுகையும் மோனையும். இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால் தமிழ்க் காது தானாக அடுத்த அடியைத் தேடும். தாலாட்டிலிருந்து வயல் கவி வரை அப்படித்தான் எழுத்தறியாதவர்களின் வாயிலும் நின்றன. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது இதுதான். பொருள் வந்துவிடும், எதுகை வராது.

நட்சத்திர வீரர் ஒருவரைப் போட்டால் போதாதா?

வீரர் நினைவில் நிற்பார், பொருள் மறந்துபோகும். இந்தத் தொழிலில் அதற்கு இரத்தக்காட்டேரி விளைவு என்று பெயர். நட்சத்திரம் பொருளின் இரத்தத்தைக் குடித்துவிடுகிறது. ஒரே துடுப்பாட்ட வீரர் ஒரே போட்டியில் வங்கி, குளிர்பானம், சுவர்ப் பூச்சு, தொலைபேசி நான்கையும் விற்றால் எவருக்கு எது ஞாபகம் இருக்கும்?

வீரரை எதிர்பாராத விதத்தில் பயன்படுத்தினால் கதை வேறு. 2021இல் கிரெட் என்ற நிறுவனம் ராகுல் திராவிடைக் கொண்டுவந்தது. கிரிக்கெட்டிலேயே பொறுமைக்குப் பேர்போன மனிதர் பெங்களூர் வீதி நெரிசலில் காருக்குள் நின்று கத்துகிறார், பக்கத்துக் காரின் கண்ணாடியைத் துடுப்பால் உடைக்கிறார், 'இந்திராநகர் ரவுடி நான்' என்கிறார். வேறு எந்த வீரர் கத்தியிருந்தாலும் அது செய்தியாகியிருக்காது.

வீரரே இல்லாமலும் வெல்லலாம். 1990களில் கட்பரி எடுத்த விளம்பரத்தில் துடுப்பாட்டக்காரன் ஆறு ஓட்டம் அடித்ததும் அவனுடைய தோழி காவலரைத் தாண்டி மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடிவருவாள். அவன் யாரோ, அவள் யாரோ. அந்த ஆட்டம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். 2021இல் அதையே மாற்றி எடுத்தார்கள்: அடிப்பவள் பெண், ஆடிக்கொண்டு ஓடிவருபவன் ஆண். பழையதைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே புதியதின் முழுச் சுவையும் கிடைக்கும். நினைவையே மூலதனமாக வைத்து எடுத்த விளம்பரம் அது.

அனுசரணை கொடுக்காத நிறுவனங்களின் விளம்பரம் அனுசரணையாளரைவிட நினைவில் நிற்பது எப்படி?

1996 உலகக் கிண்ணத்தில் அதிகாரபூர்வக் குளிர்பானம் கொக்கா கோலா. 'இதில் அதிகாரபூர்வம் என்று எதுவும் இல்லை' என்று பெப்சி ஒரு வரி போட்டது. காசு கொடுத்தவரின் பெருமையையே அவருக்கு எதிராகத் திருப்பிய வரி. 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அனுசரணை ஃபுஜியிடம் போனதும், கொடாக் நிறுவனம் அந்த ஒலிம்பிக்கை ஒளிபரப்பிய ஏபிசி அலைவரிசைக்கு அனுசரணை கொடுத்து உள்ளே நுழைந்தது. 2010 உலகக் கிண்ணத்தில் ஒரு டச்சு பியர் நிறுவனத்தின் ஏற்பாட்டில் செம்மஞ்சள் உடை அணிந்த பெண்கள் கூட்டமாக வந்து அமர்ந்தார்கள். ஃபிஃபா அவர்களை வெளியேற்றியது, வெளியேற்றியதாலேயே உலகம் அறிந்தது.

பின்வாசலால் வருகிறவனுக்கு ஒரு வசதி: கடமைக்கு விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. காசு கட்டியவர் தன் சின்னத்தைப் பெரிதாகக் காட்டுவதிலேயே பாதி நேரத்தைச் செலவிட்டுவிடுகிறார்.

எதிரணியைக் கேலி செய்யும் விளம்பரங்கள்?

நிற்கும். ஆனால் கெட்டும் போகும். 2015 உலகக் கிண்ணத்துக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 'மௌக்கா மௌக்கா' என்று ஒன்றை ஓடவிட்டது. மௌக்கா என்றால் வாய்ப்பு. உலகக் கிண்ணத்தில் இந்தியாவை வெல்லும் நாளுக்காக 1992இலிருந்து பட்டாசுப் பெட்டியோடு காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகனின் கதை. பாட்டு தொற்றிக்கொண்டது. 2021இல் துபாயில் நடந்த ரி-20 உலகக் கிண்ணப் போட்டியில் பாகிஸ்தான் பத்து விக்கெட்டுகளால் வென்றது. அன்றிரவு அந்தப் பாட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பி வந்தது. கேலியை விற்கிறவர் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

மது, சிகரெட் விளம்பரங்கள் முன்பு வந்தனவே?

வந்தன. 1992 உலகக் கிண்ணத்தின் பெயரே பென்சன் அன்ட் ஹெட்ஜஸ், நாங்கள் வென்ற 1996 கிண்ணத்தின் பெயர் வில்ஸ். இரண்டும் சிகரெட். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது விளம்பரங்களைத் தடை செய்தது. இந்திய அலைவரிசைகளில் மதுப் பெயர்கள் சோடா என்றும் குடிதண்ணீர் என்றும் வேடம் மாறி வருவதைக் காண்பீர்கள்.

விளம்பரம் வந்தால் சத்தம் கூடுகிறதே, என் காதுதான் பிழையா?

காது சரி. ஒலியின் உச்சத்தைக் கூட்டாமலே, தாழ்ந்த ஒலிகளையும் மேலே இழுத்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் நெருக்கினால் காதுக்குச் சத்தம் அதிகமாகவே படும். அமெரிக்கா இதைக் கட்டுப்படுத்த 2010இல் சட்டம் போட்டது, 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. சத்தத்தால் நினைவு கூடுவதில்லை. தொலையியக்கியை நோக்கிக் கைதான் போகும்.

எத்தனை தடவை போட்டால் மனதில் பதியும்?

எண் சொல்கிறவரை நம்பாதீர்கள். அடிக்கடி கண்ணில் படும் பொருள்மேல் காரணமே இல்லாமல் விருப்பம் வளர்கிறது என்று ரொபர்ட் சாயன்ஸ் 1968இல் ஆய்வுகளால் காட்டினார். ஒரு கட்டத்துக்குப் பிறகு அலுப்பு வந்துவிடும். அந்தக் கட்டம் விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். சூசூக்காரர்கள் நாளுக்கு ஒன்று எடுத்து அலுப்பைத் தள்ளிப்போட்டார்கள். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் ஒன்றையே மூன்று முடிவுகளோடு எடுக்கலாம். எடுப்பவர்கள் குறைவு.

இப்போது எல்லோரும் கையடக்கத் தொலைபேசியில் தனித்தனியாகப் பார்க்கிறோம். இனியும் அப்படி ஒரு விளம்பரம் வருமா?

கடினம். ஒரே போட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட அரை நிமிடம் முன்னால் பார்க்கிறார். அவர் கத்தும் சத்தத்தில் எனக்கு விக்கெட் விழப்போவது தெரிந்துவிடுகிறது. அவருக்கு வரும் விளம்பரம் எனக்கு வருவதில்லை. பிற்பாட்டுக்கு ஆளே இல்லாத களரி. ஆனால் பெரிய போட்டிக்கு இன்னமும் களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும் கழகத்துப் பெடியன்கள் வெள்ளைத் துணி கட்டிப் பெருந்திரை போடுகிறார்கள். அங்கே நின்று பாருங்கள், எந்த விளம்பரத்துக்குக் கூட்டம் ஒன்றாக வாய் திறக்கிறது என்று.

எனக்குச் சிறிய கடைதான். உள்ளூர்க் கேபிளில் போட்டி நேரத்தில் பத்து விநாடி கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில் உங்கள் கடையின் முகப்புப் படத்தைக் காட்ட வேண்டாம். கடைத்தெருவில் எல்லா முகப்பும் ஒன்றுதான். தொலைபேசி இலக்கத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டாம், எவரும் எழுதிக்கொள்ளப்போவதில்லை. உங்கள் கடையில் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே பகிடியாகச் சொல்லிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்கள். அதை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே, உங்கள் குரலிலேயே சொல்லுங்கள்.

வெபர் மைதானத்தில் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி நடந்தது. அறிவிப்பாளருக்கு அனுசரணையாளர் பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஓவருக்கு ஒரு தடவை வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். மனிதருக்கு மூன்றாவது ஓவரில் அலுத்துவிட்டது. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பந்து எல்லைக்கு வெளியே போகும்போதெல்லாம் செருப்புக் கடை ஒன்றின் பெயரைச் சொல்லி, "தேடிப் போகிறவர் அங்கே ஒரு சோடி வாங்கிக்கொண்டு போங்கோ" என்றார். மாலைக்குள் பந்து வெளியே போனவுடன் அவர் வாய் திறக்கும் முன்பே கூட்டம் அதைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பட்டியலில் இருந்த மற்றவர்கள் அவரோடு சண்டைக்குப் போனார்கள் என்று கேள்வி.

நீங்கள் நினைவில் வைத்திருக்கும் விளம்பரங்களைப் பார்த்து எதையாவது வாங்கியிருக்கிறீர்களா?

கேபிள் வந்த புதிதில் கபில் தேவும் சச்சினும் சொன்ன அந்தச் சக்தியின் இரகசியத்தை நம்பி, சென்னைக்குப் போய்வந்த மாமாவிடம் ஒரு போத்தல் பூஸ்ட் கொண்டுவரச் சொன்னேன். குடித்து முடித்த வாரம் பாடசாலை அணித் தெரிவில் முதல் பந்திலேயே ஆட்டமிழந்தேன். செருப்பு வாங்கியிருக்கிறேன், இரண்டு சோடி.